பேரிக்காய்க்கு வந்த வழக்கு

1831 நவம்பர், பாரிஸ். அரசர் லூயி பிலிப்பை அவமதித்துப் படம் போட்டதாகப் பத்திரிகை ஆசிரியர் ஷார்ல் பிலிபோன் மீது வழக்கு. மனுசன் நீதிமன்றத்திலேயே நாலு படம் கீறிக் காட்டினார். முதலாவதில் அரசரின் முகம். கொஞ்சம் கொஞ்சமாக மாறி, நாலாவதில் வெறும் பேரிக்காய். இதில் எந்தப் படத்தில் குற்றம் தொடங்குது? சாயலுக்காகத் தண்டிக்கிறதெண்டால் பேரிக்காயையும் பிடித்து உள்ளே போடவேணுமே!

ஆறு மாதச் சிறை, 2000 பிராங் தண்டம். ஆனால் அந்த வழக்குக்குப் பிறகுதான் பாரிஸ் மதில்களெல்லாம் பேரிக்காய் முளைத்தது. 1834இல் இன்னொரு தீர்ப்பைப் பிரசுரிக்கவேண்டி வந்தபோது, பிலிபோனின் 'ஷாரிவாரி' நாளிதழ் அதன் எழுத்துக்களைப் பேரிக்காய் வடிவில் அடுக்கிப் போட்டது. எங்கட மீம் பக்கங்கள் இந்த நக்கலுக்குக் கிட்டவும் வராது.

சிரிப்பு இவ்வளவுதான். 1830ஆம் ஆண்டுச் சாசனம் தணிக்கை இனி ஒருபோதும் வராது என்று உறுதி தந்திருந்தது. 1835 ஜூலையில் அரசரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதைச் சாட்டி, செப்டம்பரில் சட்டம் வந்தது: படம் அச்சிட முன்அனுமதி வேண்டும். எழுத்துக்கு வேண்டாம். எழுத்து கருத்தாம், படம் செயலாம்! வாசிக்கத் தெரியாதவரிடமும் படம் போய்ச் சேரும் என்ற பயம்தான் இது என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஏற்கனவே ஒரு படத்துக்காகச் சிறை போய் வந்த ஓவியர் ஒனோரே டோமியே, அரசரை விட்டுவிட்டு வக்கீல்மாரையும் வியாபாரிகளையும் கீறத் தொடங்கினார். 1848இல் புரட்சி வந்து லூயி பிலிப் நாட்டை விட்டு ஓடினார். டோமியே திரும்பவும் அரசியல் படம் கீறினார்.