ஹெல்மெட்டும் கணக்குப் புத்தகமும்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவர் ஓட, எதிரணி அவரை மோதி வீழ்த்த வேண்டும். பக்கத்துக்கு 11 பேர். ஒவ்வொரு முறையும் இரண்டு வரிசைகள் எதிரெதிரே குனிந்து நின்று அடுத்த நொடி முட்டிக்கொள்ளும். பெரும்பாலும் நூறு கிலோவைத் தாண்டிய ஆட்கள்! நாலைந்து நொடியில் மோதல் முடிந்துவிடும். எழுந்து வந்து மறுபடி குனிய வேண்டும். ஒரே ஆட்டத்தில் இது நூறு தடவைக்கு மேல் நடக்கும்.

அந்த வரிசையின் நடுவில் நின்று, பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் தள்ளிவிடுபவருக்கு சென்டர் என்று பெயர். தள்ளிய கையோடு எதிரில் நிற்பவரை முட்டித் தடுப்பதும் அவர் வேலை. இந்த வேலையில் பெரும்புகழ் பெற்றவர் மைக் வெப்ஸ்டர். 1974 முதல் 1988 வரை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், அதன்பின் இரண்டு ஆண்டு கான்ஸாஸ் சிட்டி சீஃப்ஸ், ஆக 17 பருவங்கள். நான்கு சூப்பர் பௌல் கோப்பைகள். 1997ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். இரும்பு மைக் என்றே ரசிகர்கள் அழைத்தார்கள்.

அந்த இரும்பு மனிதர் ஓய்வுக்குப் பிறகு வேலையில்லாமல், மணவாழ்க்கை முறிந்து, பல நாட்கள் தன் பிக்கப் வண்டியிலேயே தூங்கினார். நினைவு தப்பியது. பழகிய பாதை மறந்தது. வலியில் தூக்கம் வராதபோது மின்சார அதிர்ச்சி கொடுக்கும் டேசர் கருவியைத் தன் உடம்பிலேயே வைத்து, மயங்கித் தூங்குவாராம். 2002 செப்டம்பர் 24ல் மாரடைப்பில் இறந்தபோது வயது 50தான்.

அவருக்கு நேர்ந்ததற்கு ஆட்டம்தான் காரணமா? நேஷனல் ஃபுட்பால் லீக், அதாவது என்.எஃப்.எல்., இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் இல்லை என்றே சொல்லிவந்தது. ஆனால் அதே லீக்கின் பென்ஷன் திட்டத்தின் கோப்பில் பதில் வேறாக இருந்தது. அந்தக் கதையைச் சொல்ல, கொஞ்சம் பின்னாலிருந்து துவங்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் அடிபடுவது புதிதல்ல, உயிர் போவதும் புதிதல்ல. 1905ல் கல்லூரி, பள்ளி மைதானங்களில் மட்டும் 18 பேர் வரை இறந்ததாகப் பத்திரிகைகள் கணக்கிட்டன. அந்த அக்டோபரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பயிற்சியாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ரூஸ்வெல்ட் இந்த ஆட்டத்தை விரும்பியவர். அதைக் காப்பாற்றத்தான் அந்தக் கூட்டம். 1906ல் பந்தை முன்னால் எறியலாம் என்ற புது விதி வந்து, ஒரே இடத்தில் குவிந்து நசுக்குவது ஓரளவு குறைந்தது.

தொழில்முறை லீக் பிறந்தது 1920ல், ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில். அங்கே ஹெல்மெட் கட்டாயமானது 1943ல்தான்! அதுவரை வெறுந்தலையோடும் ஆடலாம். அப்புறம் கெட்டியான பிளாஸ்டிக் ஹெல்மெட் பரவியது, முகத்துக்குக் கம்பி வந்தது. மண்டை உடைவது குறைந்தது நிஜம். ஆனால் தலைக்குக் கவசம் கிடைத்ததும், அந்தத் தலையையே ஆயுதமாக்கி எதிராளியை இடிக்கும் பழக்கமும் வளர்ந்தது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். ஓட்டுக்குள் மூளை குலுங்குவதை அது என்ன செய்யும்? பானை உடையாமல் இருந்தாலும் உள்ளே இருக்கும் தயிர் கலங்கத்தான் செய்யும்.

உடம்பின் மற்ற பாகங்களைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. 1978 ஆகஸ்டில், சீசன் துவங்கும் முன் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில், நியூ இங்கிலாந்து வீரர் டாரில் ஸ்டிங்லி ஒரு மோதலில் கழுத்து முறிந்து, 2007ல் சாகும்வரை சக்கர நாற்காலியில் இருந்தார். ஓக்லண்ட் அணியின் சென்டர் ஜிம் ஓட்டோ 15 ஆண்டுகள் ஒரு ஆட்டம்கூடத் தவறாமல் ஆடினார். பிற்காலத்தில் முழங்காலில் அறுவை மேல் அறுவை செய்தும் பயனில்லாமல் 2007ல் வலது காலை எடுத்தார்கள். ஆனால் முறிந்த காலும் கழுத்தும் எக்ஸ்ரேயில் தெரியும், யாரும் மறுக்க முடியாது. மூளை அப்படி இல்லை. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வை ஆட்டக்காரர்கள் மணி அடித்தது என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு அடுத்த மோதலுக்குப் போய்விடுவார்கள்.

மருத்துவத்துக்கு இது தெரியாதா என்றால், தெரியும். தலையில் குத்து வாங்கி வாங்கி குத்துச்சண்டைக்காரர்கள் தள்ளாடுவதையும் பேச்சுக் குழறுவதையும் பற்றி ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற டாக்டர் 1928லேயே எழுதிவிட்டார். குத்துச்சண்டைக்குப் பொருந்துவது ஃபுட்பாலுக்கும் பொருந்துமா என்று பார்க்கத்தான் யாருக்கும் அவசரம் இல்லை.

1990களில் பெயர்பெற்ற வீரர்கள் சிலர் கன்கஷனால் ஓய்வுபெறவே பேச்சு கிளம்பியது. 1994ல் கமிஷனர் பால் டாக்லியபூ மூளைக் காயங்களை ஆராய ஒரு குழு அமைத்தார். தலைவராக வந்தவர் நியூயார்க் ஜெட்ஸ் அணி டாக்டர் எலியட் பெல்மன். அவர் மூளை நிபுணர் அல்ல, மூட்டுவாத நிபுணர்! 2003 முதல் இந்தக் குழு நியூரோசர்ஜரி என்ற மருத்துவ இதழில் கட்டுரை மேல் கட்டுரை வெளியிட்டது. அடிபட்டவர் அதே ஆட்டத்தில் திரும்ப இறங்கினாலும் பெரிய ஆபத்தில்லை, பலமுறை அடிபட்டாலும் நீண்டகாலக் கெடுதல் தெரியவில்லை என்பதே சாரம்.

இந்தக் கட்டுரைகளின் அடிப்படை, அணிகள் கொடுத்த 1996 முதல் 2001 வரையிலான காயப் பட்டியல். 2016ல் நியூயார்க் டைம்ஸ் அதைச் சரிபார்த்தபோது, டாக்டர்களே உறுதிசெய்த கன்கஷன்கள் நூற்றுக்கும் மேல் விடுபட்டிருந்தன. டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் கணக்கில் ஆறு ஆண்டுக்கும் பூஜ்யம்! அந்த அணியின் நட்சத்திரம் ட்ராய் எய்க்மன் அதே காலத்தில் தலையில் அடிபட்டதை நாடே டிவியில் பார்த்திருந்தது. எல்லா விவரமும் தர வேண்டும் என்று அணிகளுக்குக் கட்டாயம் இல்லை என்பது லீக்கின் பதில். வவுச்சர் இல்லாமல் எழுதின பேரேட்டை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

இப்போது பென்ஷன் கோப்புக்கு வருவோம். முன்னாள் கமிஷனர்கள் பெர்ட் பெல், பீட் ரோசெல் இருவர் பெயரிலும் வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் இருந்தது. (பெர்ட் பெல் 1959ல் உயிர்விட்டதே ஒரு ஃபுட்பால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான்.) ஊனமுற்றவருக்கு உதவித்தொகை தருவதா என்று முடிவு செய்யும் வாரியத்தில் ஆறு பேர்: அணி முதலாளிகள் தரப்பில் மூவர், வீரர் சங்கத் தரப்பில் மூவர். 1999ல் வெப்ஸ்டர் அங்கே விண்ணப்பித்தார். அவர் தரப்பு டாக்டர்கள் மட்டுமல்ல, வாரியமே நியமித்த டாக்டரும் மூளைக் காயம் என்றே எழுதினார். வாரியம் ஊனத்தை ஏற்றது. ஃபுட்பால் ஆடியபோது தலையில் பட்ட அடிகளின் விளைவே அது என்று திட்டத்தின் கடிதத்திலும் எழுதப்பட்டது.

ஆக, 2003ல் லீக்கின் மருத்துவக் குழு பயமில்லை என்று எழுதத் துவங்குவதற்கு முன்பே, லீக்கும் சங்கமும் சேர்ந்து நடத்திய திட்டம் அதே காயத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கை செக் எழுதுகிறது, இன்னொரு கை அப்படி ஒரு நோயே இல்லை என்று எழுதுகிறது. வரக்கூடிய லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நட்டத்தை முன்கூட்டியே எழுதிவை என்பது கணக்கியலின் பால பாடம். இங்கே நட்டம் வந்தே விட்டது, எழுதத்தான் மனமில்லை. இந்த ஆவணங்கள் பொதுவெளிக்கு வந்தது 2012ல்தான்.

பணம் கொடுத்ததிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. ஆடும் காலத்திலேயே முடங்கினால் ஒரு தொகை. பிற்பாடு மெல்ல மெல்ல முடங்கினால் அதைவிடக் குறைந்த தொகை. வெப்ஸ்டரை இரண்டாவது வகையில் போட்டார்கள். 1991ல் ஓய்வுபெற்றபோதே அவர் முடங்கிவிட்டார் என்று வக்கீல் பாப் ஃபிட்ஸிம்மன்ஸ் வாதாடினார். வெப்ஸ்டர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 2006 டிசம்பரில், மேல்முறையீட்டு நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பை உறுதி செய்தது. கிடைத்தது 15 லட்சம் டாலருக்கு மேல்.

இதற்கிடையே பிட்ஸ்பர்க் பிணவறையில் வெப்ஸ்டரின் உடலைப் பரிசோதித்தவர் பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய டாக்டர். வெளியே பார்க்க மூளை நன்றாகவே இருந்தது. திருப்தி இல்லாமல் மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தபோது, டௌ என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. அதற்கு க்ரானிக் ட்ராமாட்டிக் என்செஃபலோபதி, சுருக்கமாக சி.டி.இ., என்று பெயர். 2005ல் நியூரோசர்ஜரி இதழிலேயே கட்டுரை வந்தது. உடனே லீக் குழுவைச் சேர்ந்த மூவர் அதைத் திரும்பப் பெறும்படி இதழுக்கு எழுதினார்கள்! இதழ் மசியவில்லை. (2015ல் வில் ஸ்மித் நடித்த கன்கஷன் படம் இந்த ஒமாலுவின் கதைதான்.)

எல்லாரையும்விட மனதைப் பிசைவது டேவ் டூயர்சனின் கதை. 1985 பருவத்தில் கோப்பை வென்ற சிகாகோ பேர்ஸ் அணியின் வீரர் இவர். பின்னாளில் சங்கத்தின் சார்பில் மேலே சொன்ன பென்ஷன் வாரியத்தில் உட்கார்ந்து, சக வீரர்களின் ஊன விண்ணப்பங்களுக்கு ஓட்டுப் போட்டவர். 2007ல் செனட் விசாரணையில், தன் 84 வயது அப்பாவுக்கும் அல்சைமர் இருக்கிறது, அவர் ஃபுட்பாலே ஆடவில்லையே என்று சொன்னார். 2011 பிப்ரவரியில் அவர் தற்கொலை செய்துகொண்டார். தலையை விட்டுவிட்டு மார்பில் சுட்டிருந்தார். தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்படி குறிப்பு எழுதி வைத்திருந்தார். பாஸ்டன் பல்கலைக்கழக டாக்டர் ஆன் மெக்கி சோதித்தபோது சி.டி.இ. இருந்தது. எத்தனை விண்ணப்பக் கோப்புகள் அவர் மேஜையைக் கடந்து போயிருக்கும்!

2009 அக்டோபரில் கமிஷனர் ரோஜர் குடெல்லை நாடாளுமன்றக் குழு நேருக்கு நேர் கேட்டது. அது டாக்டர்கள் சொல்ல வேண்டிய விஷயம் என்று அவர் நழுவினார். சிகரெட் கம்பெனிகள் பேசிய மாதிரியே இருக்கிறது என்று லிண்டா சான்செஸ் என்ற உறுப்பினர் குத்திக்காட்டினார். அடுத்த சில வாரங்களில் பழைய குழுத் தலைவர்கள் விலகினார்கள். டிசம்பரில் லீக்கின் செய்தித் தொடர்பாளர், கன்கஷன் நீண்டகாலப் பாதிப்பைத் தரலாம் என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டார்.

வழக்குகள் 2011 முதல் குவிந்தன. 4,500க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள். 2013 ஆகஸ்டில் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசினார்கள். அப்போது லீக்கின் வருட வருமானமே 900 கோடி டாலருக்கு மேல்! நீதிபதி அனிதா பிராடிக்கே இந்தத் தொகை போதுமா என்று சந்தேகம் வந்து 2014 ஜனவரியில் திருப்பி அனுப்பினார். உச்சவரம்பு நீங்கியது. அப்போது தாக்கலான லீக் தரப்பு ஆக்சுவரிகளின் கணக்கு ஒன்று தலைப்புச் செய்தியானது: முன்னாள் வீரர்களில் ஏறத்தாழ பத்துக்கு மூவருக்கு அல்சைமர், டிமென்ஷியா போன்ற ஏதாவது ஒன்று வரும். மருத்துவக் குழு பத்தாண்டு மறுத்ததை, எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டதும் கணக்குக்காரர்கள் ஒரே அட்டவணையில் சொல்லிவிட்டார்கள்.

2015 ஏப்ரல் 22ல் ஒப்பந்தம் இறுதியானது. ஏ.எல்.எஸ். நோய்க்கு அதிகபட்சம் 50 லட்சம் டாலர், அல்சைமருக்கு 35 லட்சம். வயது ஏற ஏற, ஆடிய பருவங்கள் குறையக் குறையத் தொகை வெட்டப்படும். சி.டி.இ.யை இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். ஆகவே உயிரோடிருப்பவருக்கு அந்தப் பெயரில் பணம் இல்லை. அந்த ஏப்ரல் 22க்கு அப்புறம் இறந்தவருக்கு மூளையில் அது இருந்தாலும் அதற்காக எதுவும் இல்லை. 2017ல் வந்த ஆய்வில், தானமாக வந்த என்.எஃப்.எல். வீரர்களின் 111 மூளைகளில் 110ல் சி.டி.இ. இருந்தது. நோய் அறிகுறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தருவதால் எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. இருந்தும் சின்ன எண் இல்லை.

இன்னொரு அநியாயமும் நடந்தது. ஞாபக சக்தித் தேர்வின் மதிப்பெண்ணை வீரரின் இனத்தை வைத்துத் திருத்தினார்கள். கறுப்பினத்தவரின் அறிவாற்றல் ஆரம்பத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு! ஒரே மதிப்பெண் வாங்கிய வெள்ளையருக்குப் பணம், கறுப்பருக்கு நிராகரிப்பு என்று ஆகலாம். முன்னாள் வீரர்களில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள் என்பதை நினைவில் கொள்ளவும். கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் இருவரும் 2020ல் வழக்குப் போட்டார்கள். 2021ல் இந்த முறையைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. 2022ல் புதிய ஏற்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. பழைய தேர்வுகளை மறுபடி மதிப்பிட வேண்டியதாயிற்று.

ஆட்டத்திலும் மாற்றங்கள் வராமல் இல்லை. தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் இடித்தால் 2018 முதல் தண்டனை. 2022ல் பயிற்சிக்கு மெத்தை வைத்த தொப்பி. ஆனால் 2021ல் ஒவ்வொரு அணியின் ஆட்டங்களை 16லிருந்து 17ஆக உயர்த்தியதும் இதே லீக்தான். டிவிக்காரர்கள் கொடுக்கும் பணம் அப்படி.

ஒப்பந்தப்படி கொடுத்த தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. தவறு செய்ததாக லீக் ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. இன்னொரு ஷரத்தும் உண்டு. 2006 ஜனவரி 1க்கு முன் இறந்த வீரர்களின் குடும்பங்கள், தங்கள் வழக்குக்கு மாநிலச் சட்டப்படி கெடு தாண்டவில்லை என்று நீதிமன்றத்தில் காட்டினால் மட்டுமே பணம் கேட்க முடியும். மைக் வெப்ஸ்டர் இறந்தது 2002ல்.