அண்ணாச்சி, காலண்டர் வந்துடுச்சா?

டிசம்பர் கடைசியில மளிகைக்கடை, நகைக்கடை, ஜவுளிக்கடைன்னு எங்க போனாலும் நம்ம மக்கள் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "காலண்டர் வந்துடுச்சா?" பத்து ரூபாய் குறைச்சுக் கேட்கக் கூச்சப்படுறவங்ககூட காலண்டரை உரிமையோட கேட்பாங்க. கடைக்காரர் பேரை நம்ம வீட்டுச் சுவத்துல, நம்ம ஆணியில, வருஷம் முழுக்க மாட்டி வைக்கப் போறோம். அதுக்கு வாடகை கேட்கவேண்டிய நாமதான் அவர்கிட்ட கெஞ்சிட்டு நிக்கிறோம்!

இந்த யோசனை ஏதோ பெரிய வியாபாரியோட மூளையில உதிச்சிருக்கும்னு தோணும். கொஞ்சம் தோண்டிப் பார்த்தா இதுக்குப் பின்னாடி நிக்கிறது வியாபாரி இல்லை, 'மெஷின் சும்மா நிக்குதே'ன்னு கவலைப்பட்ட அச்சகக்காரர்.

அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல கொஷாக்டன்னு ஒரு சின்ன ஊர். 1880கள்ல ஜாஸ்பர் மீக் என்பவர் அங்க செய்தித்தாள் நடத்திக்கிட்டு இருந்தார். சின்ன ஊர்ப் பத்திரிகை, அச்சு இயந்திரத்துக்கு எந்நேரமும் வேலை இருக்காது. கான்ட்வெல் என்கிற செருப்புக்கடைக்காரர்கிட்ட ஒரு யோசனை சொன்னார். சாக்குத் துணியில பள்ளிக்கூடப் பை தச்சு, அதுல கடைப் பேரை அச்சடிச்சு, கடைக்கு வர்ற பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கலாம். பையைத் தூக்கிக்கிட்டு பிள்ளைங்க ஊரெல்லாம் சுத்தும், போற இடமெல்லாம் கடை பேரும் கூடவே போகும். போணி ஆச்சு. போட்டிப் பத்திரிகைக்காரர் பீச் சும்மா இருப்பாரா? அவரும் இதே தொழில்ல இறங்கினார். அப்புறம் துணியை விட்டு தகரத்துக்குப் போனாங்க. இன்னிக்குப் பழம்பொருள் சேகரிக்கிறவங்க தேடி அலையற கோகோ கோலா தட்டுகள்ல நிறைய அந்த ஊர்ல அச்சானதுதான். ஐடி கம்பெனிக்காரங்க கொடுக்கிற டி-ஷர்ட், காபி மக் எல்லாம் அந்த சாக்குப் பையோட கொள்ளுப்பேரன்கள். (என் அலமாரியில காசு கொடுத்து வாங்கின டி-ஷர்ட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும் :-))

இப்போ நம்மூர். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல தீப்பெட்டித் தொழில் கத்துக்க கல்கத்தா போனது பலருக்கும் தெரிஞ்ச கதை. தீப்பெட்டி வந்தா அதுமேல ஒட்ட லேபிள் வேணும். லேபிளுக்காக லித்தோ அச்சகங்கள் வந்துச்சு. அருணகிரி நாடார் 1928ல ஆரம்பிச்ச நேஷனல் லித்தோ பிரஸ்தான் அங்க முன்னோடி. ஆனா கலர்ல அச்சடிக்கிற இயந்திரம் பெரிய முதலீடு. லேபிளை மட்டும் நம்பி உட்கார முடியாது. அதே மெஷின்ல சாமி படம் அடிச்சா என்ன, கீழ கடை பேர் போட்டா என்ன? கொஷாக்டன் கதையேதான், சாக்குப் பைக்குப் பதிலா முருகன்!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த ஏற்பாடு. முருகனும் லட்சுமியும் கீழ இடம் காலியா விட்டு மொத்தமா அச்சாயிடுவாங்க. ஆர்டர் வந்தப்புறம் அந்தக் காலி இடத்துல மட்டும் கடை பேர், விலாசம், போன் நம்பர் அடிப்பாங்க. எங்க பாஷையில சொன்னா டெம்ப்ளேட் ஒண்ணு, வேரியபிள் மட்டும் மாறுது. அதனாலதான் பெரிய ஜவுளிக்கடலுக்குக் கட்டுப்படியான அதே கலர் படம் முக்குல இருக்கிற சைக்கிள் கடைக்கும் கட்டுப்படி ஆகுது. வியாபாரிகள் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற அடுத்த வருஷ மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்னிக்கே பூஜை போட்டு வெளியிடுறது சிவகாசி வழக்கம். நமக்கு டிசம்பர், அவங்களுக்கு ஆடி 18.

தினசரித் தாள்ல ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள், ராசிபலன் எல்லாம் இருக்கும். இதுல ஒரு வேடிக்கை. ராகு காலம் வாரத்துக்கு வாரம் மாறாது, அச்சடிக்கிற நேரங்கள் மொத்தமே ஏழு. மனப்பாடம் பண்ணிட்டா முடிஞ்சது. ஆனாலும் தினமும் காலண்டர் முன்னாடி போய் நின்னுதான் பார்ப்போம். மொபைல்ல பஞ்சாங்கம் வந்த பிறகும் எங்க வீட்டுல தாளைக் கிழிக்காம காபி கிடையாது. ஒவ்வொரு தடவை கிழிக்கிறப்பவும் கடை பேர் கண்ணுல படுது பாருங்க, கடைக்காரர் காசு கொடுத்தது அதுக்குத்தான்.

சாமி படத்துல இன்னொரு வசதி, தூக்கிப் போட மனசு வராது. வருஷம் முடிஞ்சா தேதிக் கட்டைக் கழட்டிட்டு படத்துக்கு ஃப்ரேம் போட்டு பூஜை ரூமுக்குக் கொண்டு போயிடுவோம். கடையை மூடினப்புறமும் கடை பேர் விபூதியும் குங்குமமும் வாங்கிக்கிட்டு இருக்கும்.

கடை பேர் இப்படி நிலைச்சது. படம் வரைஞ்சவர் பேர்? கோவில்பட்டியில இருந்த சி. கொண்டைய ராஜு (1898–1976) நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைஞ்சவர். மேடைக்குப் பின்னாடி தொங்கின அந்த மலையும் அருவியும் மாளிகையும் அப்படியே சாமிகளுக்குப் பின்னாடி வந்து நின்னுச்சு. அவரும் அவரோட சீடர்களும் வரைஞ்ச தெய்வங்கள்தான் சிவகாசி வழியா தமிழ்நாட்டுச் சுவர்களுக்கெல்லாம் போச்சு. நம்மில் பலர் கண்ணை மூடி லட்சுமியை நினைச்சா வர்ற முகம் இந்தப் படங்களோட முகம்தான். ஆனா இந்த மனுஷர் பேரைச் சொன்னா எத்தனை பேருக்குத் தெரியும்? மகாபலிபுரத்துச் சிற்பி பேர் தெரியலைன்னா ஒத்துக்கலாம், 1976 வரைக்கும் நம்மகூட இருந்தவர் பேர் தெரியாததுதான் எனக்கு உறுத்துது.

வீட்டுல, இல்ல ஊர்ல தாத்தா வீட்டுல, பழைய காலண்டர் சாமி படம் ஃப்ரேம்ல இருந்தா கொஞ்சம் தூசி தட்டிப் பாருங்க மக்களே. கீழ் ஓரத்துல, கடை பேருக்கு மேல, சின்னதா ஒரு கையெழுத்து இருக்கலாம். என்ன பேர்னு வந்து சொல்லுங்க.