கொம்பு வைக்கப்பட்டவர்கள்: யப்பானிய அனிமேயில் வில்லனின் வரலாறு

"அவனுக்கென்ன தலையில் கொம்பா முளைத்திருக்கிறது?" என்று நம்மவர் கேட்பதுண்டு. தன்னைப் பிறரிலும் மேலானவனாக எண்ணிக் கொள்பவனைப் பற்றிய கேள்வி அது. யப்பானியரின் பழங்கதைகளிலோ கொம்பு என்பது அரக்கனின் அடையாளம். 'ஒனி' எனப்படும் அவ்வரக்கனைக் கொன்று வருபவனே அங்கு வீரன்.

அனிமே எனப்படும் யப்பானிய அசைபடத் தொடர்கள் இன்று நமது பிள்ளைகளின் கைத்தொலைபேசி வரை வந்துவிட்டன. அவர்கள் அவற்றைப் பற்றித் தமக்குள் கதைக்கும்போது செவிமடுத்தால், நாயகனிலும் பார்க்க வில்லனைப் பற்றியே கூடுதலாகக் கதைப்பது விளங்கும். ஒரு வில்லன் எதனால் மனதில் நிற்கிறான்? பலமும் கொடூரமும் எல்லா வில்லன்களுக்கும் உண்டு. அவனது தலையில் கொம்பை வைத்தவர் யார் என்று நம்மைக் கேட்க வைக்கும் படைப்பே பெரிய வில்லனைத் தருகிறது என்பது எனது எண்ணம். யப்பானிய அனிமேயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அங்கு சிறு பிள்ளைகள் எல்லோரும் அறிந்த கதை மொமொத்தாரோ. பீச் பழத்திலிருந்து பிறந்த சிறுவன், நாய், குரங்கு, காட்டுக்கோழி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு அரக்கர் தீவுக்குச் சென்று, அவர்களை வென்று, செல்வத்தை அள்ளி வருகிறான். இக்கதையின் நியாயத்தை முதலில் கேள்விக்குட்படுத்தியவர்கள் எழுத்தாளர்களே. தீவில் இருந்தவர்களின் பொருளை எடுத்து வந்த மொமொத்தாரோ ஒரு திருடன் என 1871 இலேயே ஃபுகுசாவா யுகிச்சி தம் பிள்ளைகளுக்கு எழுதினார். 1921 இல் சீனா சென்ற அக்குத்தகவா ரியுனொசுகேயிடம், தாம் மிகவும் வெறுக்கும் யப்பானியன் மொமொத்தாரோதான் என்று அறிஞர் ஷாங் தையன் கூறினார். 1924 இல் அக்குத்தகவா அக்கதையைத் திருப்பி எழுதினார். அதில் ஒனிகள் அமைதியாக வாழும் தீவுவாசிகள். கொள்ளையடிக்க வருபவன் மொமொத்தாரோ.

ஆயின் யுத்தம் வந்ததும் அரசு பழைய கதையையே எடுத்துக்கொண்டது. யப்பானியக் கடற்படையின் ஆதரவுடன் செயோ மிட்சுயோ இயக்கிய இரு அசைபடங்களில் மொமொத்தாரோ படைத்தளபதியானான். 1943 இல் வந்த முதற்படம் பேர்ள் துறைமுகத் தாக்குதலைச் சித்திரித்தது. 1945 ஏப்ரலில் வெளிவந்த இரண்டாவது படம் 74 நிமிடங்கள் நீளமானது. யப்பானின் முதலாவது முழுநீள அசைபடம் அதுவே. அதில் சரணடையும் பிரித்தானிய அதிகாரிகளின் தலைகளில் கொம்புகள் இருந்தன. அவர்கள் ஏன் அங்கு வந்தார்கள், எவரை ஆண்டார்கள் என்பதெல்லாம் தேவைப்படவில்லை. கொம்பு இருந்தது, அது போதுமானதாயிற்று.

குண்டுவீச்சால் சிதைந்திருந்த ஒசாக்கா நகரில் அப்படத்தைப் பார்த்தவர்களுள் 16 வயது மாணவன் ஒருவனும் இருந்தான். பிற்காலத்தில் யப்பானியச் சித்திரக்கதையின் தந்தை எனப் போற்றப்பட்ட ஒசாமு தெசுகா அவர். அவரது 'அட்டம்' தொலைக்காட்சித் தொடர் 1963 ஜனவரி 1 இல் ஆரம்பமாகியது. 1964 இல் அச்சித்திரக்கதையில் அவர் புளூட்டோ என்ற ரோபோவைப் படைத்தார். இரு பெரும் கொம்புகள் கொண்ட புளூட்டோ, உலகின் மிகப் பலம்வாய்ந்த ஏழு ரோபோக்களை அழிக்கவென உருவாக்கப்பட்டது. அதுவோ நாயகனின் தங்கையிடம் அன்பு கொண்டு, கட்டளைக்கும் மனதுக்கும் இடையில் தவிக்கிறது. கொம்புள்ளவனுக்கும் மனமுண்டு என்பதைத் தெசுகா அன்றே காட்டிவிட்டார்.

எனினும் ஒன்றை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது. புளூட்டோவை ஏவிவிட்டவர், நாட்டை இழந்த ஒரு மத்திய கிழக்குச் சுல்தான். தலைப்பாகை, பேராசை, தானே உலகின் பெரியவன் என்ற வெறி ஆகியவையே அவரது முழு வடிவம். ரோபோவுக்கு மனம் வைத்த அதே பேனா சுல்தானுக்கு அதனை வைக்கவில்லை.

எழுபதுகளில் நிலைமை மாறத் தொடங்கியது. 1974 இல் வந்த 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ'வில் பூமியின் மீது கதிரியக்கக் குண்டுகளை வீசும் கமிலாஸ் கிரகத்தவர், தமது கிரகம் அழிந்து வருவதனால்தான் பூமியைத் தேடுகின்றனர். அவர்களது தலைவன் தெஸ்லர் கொடியவன். ஆயினும் தன் மக்களுக்கு இடம் தேடுபவன். போரில் கமிலாஸ் அழிந்தபின் வெற்றிபெற்ற நாயகன் அவ்விடிபாடுகளைப் பார்த்து அழுகிறான். கதிரியக்கத்தை அனுபவித்த ஒரு நாடு எழுதக்கூடிய காட்சிதான். ஆனால் அந்நாட்டின் படைகளால் அழிந்த ஆசிய மக்களுக்கு அக்கண்ணீரில் பங்கிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அக்காலத்துத் தொடர்கள் கடல் கடந்து சென்றபோது நிகழ்ந்தவை இன்னும் சுவாரசியமானவை. 1975 இல் ஆரம்பித்த 'கிரென்டைசர்' தொடரின் நாயகன், வேகா படையினரால் தன் கிரகத்தை இழந்து பூமியில் அடைக்கலம் புகுந்த ஓர் அகதி. உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த லெபனானில் அது அரபு மொழிக்கு மாற்றப்பட்டு, அரபுலகெங்கும் பரவியது. சாமி கிளார்க் பாடிய அதன் முகப்புப் பாடலை அத்தலைமுறை இன்னும் மறக்கவில்லை. பின்னாளில் ரியாத் நகரில் கிரென்டைசருக்கு 33 மீற்றருக்கும் கூடிய உயரத்தில் சிலை எழுந்தது. நாடிழந்தவனின் கதை நாடிழந்தோர் வாழும் மண்ணில் வேர்கொண்டதில் வியப்பில்லை.

1977 இன் 'வோல்ட்டஸ் ஃபைவ்' கொம்பையே கதையின் மையமாக்கியது. பொவாசான் கிரகத்தில் கொம்புடன் பிறப்போர் பிரபுக்கள். கொம்பின்றிப் பிறப்போர் அடிமைகள். அரச குலத்தில் கொம்பின்றிப் பிறந்த ஒருவர் பொய்க்கொம்பு அணிந்து வாழ்ந்து, பிடிபட்டு, பூமிக்குத் தப்பி வருகிறார். அவர் அங்கே விட்டுவந்த மகன் ஹைனல்தான் தொடரின் வில்லன். தான் கொல்லத் துடித்தவர்களுள் மூவர் தன் தந்தையின் பிள்ளைகளே என்பதை அவன் இறுதியில்தான் அறிகிறான். நமது பழமொழிக் கொம்பும் யப்பானியரின் அரக்கக் கொம்பும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

பிலிப்பைன்ஸில் இத்தொடர் பெரும் வரவேற்பைப் பெற்றது. யப்பானியப் படைகள் 1942 முதல் 1945 வரை ஆக்கிரமித்திருந்த நாடு அது. அடிமைகள் சக்கரவர்த்திக்கு எதிராகக் கிளர்ந்தெழும் இறுதி அங்கங்கள் ஒளிபரப்பாக முன்னரே, 1979 ஆகஸ்டில், ஜனாதிபதி மார்க்கோஸ் அதனைத் தடைசெய்தார். வன்முறை என்பது சொல்லப்பட்ட காரணம். மக்கள் நம்பிய காரணம் வேறு. 1986 இல் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடிய பின்னரே அவ்வங்கங்களைக் காணும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். 'ட்ரகன் பால்' தொடரின் ஃபிரீசாவுக்குத் துயரக் கதை ஏதுமில்லையே, அவனும் பெரிய வில்லன்தானே என்பர். உண்மை. ஃபிரீசா கிரகங்களில் வாழ்வோரை அழித்து அவற்றை விற்பவன். பேச்சிலோ மிகப் பணிவானவன். எண்பதுகளின் இறுதியில் யப்பானில் காணி விலை ஊதிப் பெருத்தபோது, குடியிருந்தோரை விரட்டி நிலம் பிடித்த தரகர்களை மனதிற்கொண்டே அவனைப் படைத்ததாக அகிரா தொரியாமா கூறியிருக்கிறார். அவனது கொம்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அது அவனது குழந்தைப் பருவத்தில் இல்லை, அவனைப் பெற்ற காலத்தில் இருக்கிறது.

மறுபுறம், காரணத்தைச் சொல்வது குற்றத்தை மன்னிப்பதாகிவிடாது. 'நருட்டோ'வின் நகாட்டோ, பெரிய நாடுகளின் போர்க்களமாக மாறிய சிறிய நாடொன்றில் பெற்றோரைப் பறிகொடுத்தவன். அவன் ஒரு கிராமத்தையே தரைமட்டமாக்கும்போது அக்குற்றம் குற்றமாகவே நிற்கிறது. ஆனால் பழிக்குப் பழி என்ற சங்கிலியை எப்படி அறுப்பாய் என்று அவன் கேட்கும்போது நாயகனின் முஷ்டிக்கு அங்கே வேலையில்லை. அடித்து வீழ்த்த முடியாத கேள்வியை வைத்திருப்பவனே சிறந்த வில்லன்.

இனி மீண்டும் புளூட்டோவிடம் வருவோம். 2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக்கை ஆக்கிரமித்தது. அவ்வாண்டே நவோகி உரசாவா, தெசுகாவின் கதையை 'புளூட்டோ' என்ற பெயரில் புதிதாக எழுதத் தொடங்கினார். 2009 இல் நிறைவுற்ற அது, 2023 இல் அனிமேயாகவும் வெளிவந்தது. இங்கே பேரழிவு ரோபோக்கள் இருப்பதாகக் குற்றஞ்சாட்டி பாரசீகம் என்ற நாட்டின் மீது வல்லரசொன்று போர் தொடுக்கிறது. தேடிச் சென்ற ஆய்வுக் குழுவினர் எதையும் காணவில்லை. அப்போரில் குடும்பம் முழுவதையும் இழந்த விஞ்ஞானி அபுல்லா, தன் மகனாக வளர்த்த ரோபோவான சஹாதைப் பழிவாங்க அனுப்புகிறார். சஹாத் ஒல்லாந்தில் பூக்களைப் பற்றிப் படித்தவன். பாலைவனத்தைப் பூந்தோட்டமாக்கக் கனவு கண்டவன். அவனுக்கே அந்தக் கொம்புகள் பொருத்தப்படுகின்றன. கொல்லப்பட்டவர்களின் தலைகளின் அருகிலும் கொம்புபோல ஏதேனும் நடப்பட்டிருக்கிறது.

1964 இல் தலைப்பாகையுடன் வந்த வெற்றுச் சுல்தானின் இடத்தில், நாற்பது ஆண்டுகளின் பின்னர் பிள்ளைகளைப் புதைத்த ஒரு தந்தை நிற்கிறார். தெசுகாவை நேசித்த ஒருவரே தெசுகா விட்ட இடைவெளியை நிரப்பினார். அக்குத்தகவா மொமொத்தாரோவுக்குச் செய்ததும் இதுவே.

கொம்பு வைக்கப்படுவது எப்படியிருக்கும் என்று 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்நாட்டு முஸ்லிம்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அதேவேளை 1990 ஐ எழுதும்போது நமது கதைகள் சிலவற்றில் எதிர்த்தரப்பிலுள்ள ஒவ்வொருவருக்கும் கொம்பு முளைத்திருப்பதையும் நாம் காணாமலில்லை. துரத்தியவன் துரத்தியவனே. கொன்றவன் கொன்றவனே. அதில் எழுத்தாளன் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ஆனால் அவனது தாய் யார், அவன் கையில் துவக்கைக் கொடுத்தவர் யார், அன்றிரவு அவன் உறங்கினானா என்று கேட்காத கதை, 1945 இன் படத்தைத்தான் மறுபடி வரைகிறது.