72 ஓட்டில் செத்த ராபின்

1940-ல பேட்மேன் கதைக்குள்ள ராபின் வந்ததுக்குக் காரணம் சிம்பிள். தனியா திரியுற ஹீரோவுக்குப் பேச்சுத்துணை வேணும். படிக்கிற பசங்களுக்கு அவங்க வயசுல ஒருத்தன் வேணும். சர்க்கஸில் பெற்றோரைப் பறிகொடுத்த டிக் கிரேசன், பயிற்சி எடுத்து ராபின் ஆனான்.

1988-ல ராபின் வேஷத்தில் இருந்தது ஜேசன் டாட். ஜோக்கர் வெச்ச குண்டுல இவன் பிழைக்கணுமா, சாகணுமான்னு டிசி காமிக்ஸ் வாசகர்களையே கேட்டது. இரண்டு போன் நம்பர். ஒரு அழைப்புக்கு 50 சென்ட். பிழைக்கட்டும்: 5,271. சாகட்டும்: 5,343.

வெறும் 72 ஓட்டு! வாசகர்களுக்காக வந்த ராபினை வாசகர்களே முடிச்சுட்டாங்க. முன்கோபி, சொல்பேச்சு கேட்கமாட்டான்னு ஜேசன்மேல் பலருக்குக் கடுப்பு. ஆனா, கத்துக்கிற பையன் வேற எப்படி இருப்பான்? வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் சொதப்பினேன். நல்லவேளை, எனக்கு யாரும் ஓட்டெடுப்பு வைக்கல.