டைமிங் பெல்ட்: அந்த ஒரு லட்சம் கிலோமீட்டர் எங்கேருந்து வந்துச்சு?

கார் வச்சிருக்கிற நண்பர்கள்கிட்ட "டைமிங் பெல்ட்டை எப்ப மாத்தணும்?"னு கேட்டுப் பாருங்க. மூணு விதமா பதில் வரும். "ஒரு லட்சம் கிலோமீட்டர்"னு ஒருத்தர் பட்டுனு சொல்வார். "அறுந்தா பார்த்துக்கலாம்"னு இன்னொருத்தர். மூணாவது ஆள் "அப்படின்னா என்னங்க?"ன்னு கேட்பார். முதல் ஆள் சொல்றது பாதி உண்மை. ரெண்டாவது ஆள் சொல்றது ஒரு காலத்துல உண்மையா இருந்துச்சு. மூணாவது ஆளோட வண்டியில அநேகமா செயின் இருக்கும், அவரு நிம்மதியா தூங்கலாம் :-)

இந்த மூணு பதிலுக்கும் பின்னாடி அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா, மாத்தறதா வேணாமாங்கற கேள்விக்கு நாமளே பதில் சொல்லிக்கலாம்.

முதல்ல ஒரு சின்ன வகுப்பு. தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம். எஞ்சின்ல பிஸ்டன் மேலயும் கீழயும் போய் கிராங்க் தண்டைச் சுத்துது. காத்து உள்ள வர, புகை வெளிய போக, தலையில வால்வுகள் திறந்து மூடணும். வால்வுகளைத் திறக்கறது கேம் தண்டு. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் சரியா ஒரு சுத்து சுத்தணும். ஒண்ணே முக்காலும் கூடாது, ரெண்டே காலும் கூடாது. இந்த ரெண்டு தண்டையும் கட்டிப் போட்டு வைக்கிற கயிறுதான் டைமிங் பெல்ட். உள்பக்கம் பல்லு வச்ச ரப்பர் வார். பல் இருக்கறதால வழுக்காது. பொட்டி தட்டுற நம்ம பாஷையில சொல்லணும்னா, ரெண்டு ப்ராசஸை ஒரே கடிகாரத்துல ஓட வைக்கிற சமாச்சாரம்.

இந்தப் பல்லு வச்ச வார் காருக்காகப் பிறந்ததே இல்லை. 1940கள்ல அமெரிக்காவுல கில்மர்னு ஒரு பெல்ட் கம்பெனி இருந்தது. அங்க வேலை பார்த்த ரிச்சர்ட் கேஸ் தையல் மெஷினுக்காக இதை உருவாக்கினார். ஊசி கீழ இறங்கற நேரமும் அடியில நூல்கண்டு சுத்தற நேரமும் ஒத்துப் போகணும் இல்லையா, அதுக்குத்தான். இன்னைக்கும் பழைய ரேஸ் கார் ஆளுங்க பல்லு வச்ச பெல்ட்டை 'கில்மர் பெல்ட்'னுதான் சொல்வாங்க. நம்ம வீட்டுத் தையல் மெஷினுக்கும் கார் எஞ்சினுக்கும் இப்படி ஒரு சொந்தம்.

அதுவரைக்கும் கார்ல கிராங்கையும் கேமையும் இணைச்சது செயின் அல்லது பல்சக்கரம். நல்லா உழைக்கும். ஆனா எண்ணெய் வேணும், எடை அதிகம், சத்தம் போடும். கேம் தண்டைக் கீழ வச்சிருந்தவரைக்கும் குட்டிச் செயினே போதும். கேமை எஞ்சின் தலைக்கு மேல கொண்டு போனா வேகமா சுத்தலாம், சக்தி கூடும். ஆனா செயின் நீளமாகும், செலவும் சத்தமும் ஏறும். அதனால 'ஓவர்ஹெட் கேம்' பெரும்பாலும் விலை கூடின வண்டிகள்ல மட்டும் இருந்துச்சு.

இதை உடைச்சது பெரிய கம்பெனி எதுவும் இல்லைங்க. ஜெர்மனியில பவேரியா பக்கம் டிங்கோல்ஃபிங்னு ஒரு சின்ன ஊர். அங்க ஹான்ஸ் கிளாஸ்னு ஒருத்தர் விவசாயக் கருவி செஞ்சு வித்துக்கிட்டிருந்தார். போருக்கு அப்புறம் 1951ல ஸ்கூட்டர் செய்ய ஆரம்பிச்சார். 1955ல கோகோமொபில்னு ஒரு குட்டிக் கார். அது பேரனோட செல்லப் பேராம். அடுத்ததா பெரிய கார் செய்யணும்னு ஆசை, ஆனா பெரிய கம்பெனி அளவுக்குக் காசு இல்லை. அவங்க எஞ்சினியர் லியோன்ஹார்ட் இஷிங்கர் செயினைத் தூக்கிட்டு ரப்பர் பெல்ட்டைப் போட்டார். 1962ல விற்பனைக்கு வந்த கிளாஸ் 1004தான் டைமிங் பெல்ட்டோட பெரிய அளவுல தயாரான முதல் கார். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியான எஞ்சின், தலைக்கு மேல கேம், சத்தமும் இல்லை. 1966ல கிளாஸ் கம்பெனியை பி.எம்.டபிள்யூ. வாங்கிடுச்சு. கிளாஸ் பேரு போச்சு, பெல்ட் நின்னுடுச்சு.

அதே 1966ல ரெண்டு இடத்துல இது தொத்திக்கிச்சு. அமெரிக்காவுல போன்டியாக் கம்பெனி தன்னோட ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குக் கண்ணாடி இழை வச்ச பெல்ட்டைப் போட்டது. அதுக்குப் பின்னாடி இருந்தவர் ஜான் டிலோரியன், பின்னாடி கதவு மேல திறக்கற கார் செஞ்சு பேர் வாங்கின அதே ஆள். இத்தாலியில ஃபியட் 124 ஸ்போர்ட்டுக்கு ரெண்டு கேம் எஞ்சினை வடிவமைச்சார் ஆரேலியோ லாம்ப்ரெடி. அவர் முன்னாடி ஃபெராரியில எஞ்சின் செஞ்சவர். ரேஸ் காருக்கே உரிய ரெண்டு கேமை சாதாரண மனுஷன் காருக்குக் கொண்டு வர முடிஞ்சதுக்கு அந்த மலிவான ரப்பர் வார் ஒரு முக்கியக் காரணம். 1970கள்ல ஃபோர்டு, செவ்ரோலே, ஃபோக்ஸ்வாகன், ஹோண்டான்னு வரிசையா எல்லாரும் பெல்ட்டுக்கு வந்துட்டாங்க.

இங்கதான் ஒரு விஷயம் கவனிக்கணும். செயின் தேய்ஞ்சா கரகரன்னு சத்தம் போடும், நமக்குத் தெரியும். பெல்ட் சத்தமே போடாது. நல்லா இருக்கும்போதும் போடாது, அறுகறதுக்கு முதல் நாளும் போடாது. கம்பெனிக்கு மிச்சம் ஆன காசுக்குப் பதிலா கார் வாங்கினவன் கையில ஒரு தேதியைக் கொடுத்துட்டாங்க: 'இத்தனை கிலோமீட்டர்ல மாத்திடுங்க'.

ஆரம்பத்துல அது பெரிய ஆபத்தா இல்லை. 1970ல வந்த ஃபோர்டோட 'பின்டோ' எஞ்சின்ல பெல்ட் அறுந்தா வண்டி நடுரோட்டுல நிக்கும், அவ்வளவுதான். திறந்து நிக்கிற வால்வுக்கும் மேல வர்ற பிஸ்டனுக்கும் நடுவுல போதுமான இடம் இருந்துச்சு. புது பெல்ட்டை மாட்டிட்டு ஓட்டிட்டுப் போயிடலாம். "அறுந்தா பார்த்துக்கலாம்"ங்கற பதில் இந்தக் காலத்துது.

1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் மைலேஜ், புகைக் கட்டுப்பாடுன்னு நெருக்குதல் வந்தது. அழுத்தத்தைக் கூட்டினாங்க, வால்வு எண்ணிக்கையைக் கூட்டினாங்க, வால்வு இன்னும் ஆழமா இறங்க ஆரம்பிச்சது. பிஸ்டன் போற இடத்துக்கே வால்வும் வரும், ஆனா வேற வேற நேரத்துல. ஒரே பாலத்துல ரெண்டு பக்கமும் வண்டி விடற மாதிரி. டைமிங் சரியா இருக்கறவரைக்கும் மோதாது. பெல்ட் அறுந்தா ஒரு விநாடிக்குள்ள வால்வு வளைஞ்சிடும், சில சமயம் பிஸ்டனும் போயிடும். ஹெட்டை இறக்கணும். டீசல் எஞ்சின்ல அழுத்தம் இன்னும் அதிகம், இடைவெளி இன்னும் குறைச்சல். ஆக பெல்ட் அதே பெல்ட்தான், அது அறுந்தா ஆகற செலவு மட்டும் பல மடங்கு ஏறிப் போச்சு.

இன்னொரு பக்கம் பெல்ட்டும் சும்மா இருக்கலை. ஆரம்பத்துல நியோப்ரீன் ரப்பர், எஞ்சின் சூட்டுல சீக்கிரம் கெட்டிப்பட்டு வெடிக்கும். பின்னாடி எச்.என்.பி.ஆர். ரப்பர் வந்தது, சூட்டை நல்லாத் தாங்கும். நறுக்குன மாதிரி இருந்த பல் வளைவான பல்லா மாறிச்சு. அமெரிக்கப் புத்தகங்கள்ல பரவலா இருந்த 60,000 மைல், அதாவது சுமார் 96,000 கிலோமீட்டர், பிற்பாடு டொயோட்டா சில எஞ்சின்களுக்கு 90,000 மைல், ஹோண்டா 1,05,000 மைல்னு வளர்ந்தது. ஜப்பான்ல 1,00,000 கிலோமீட்டர்ங்கறது கார் வச்சிருக்கிற எல்லாருக்கும் மனப்பாடம். நம்ம நண்பர் பட்டுனு சொன்ன எண்ணோட பூர்வீகம் இதுதான்.

அந்த ஹோண்டா புத்தகத்துலயே சின்னதா ஒரு குறிப்பும் இருக்கும். அடிக்கடி 43 டிகிரி செல்சியஸுக்கு மேல ஓட்டறவங்க 60,000 மைல்லயே மாத்திடணும். வேலூர்க்காரங்க இதை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிக்கணும்.

நம்ம ஊருக்கு வருவோம். அம்பாசடர், பத்மினி ரெண்டுலயும் கீழ கேம், குட்டிச் செயின். டைமிங் பெல்ட் நம்ம தெருவுக்குக் கூட்டமா வந்தது 1983 டிசம்பர்ல மாருதி 800ஓட. அப்புறம் ஜென், 1998ல சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில செஞ்ச சான்ட்ரோ, அதே வருஷம் டாடா இண்டிகான்னு தொடர்ந்துச்சு. குவாலிஸ், இன்னோவா டீசல் ஓட்டினவங்களுக்கு மீட்டர் பக்கத்துல எரியற 'டி-பெல்ட்' விளக்கு ஞாபகம் இருக்கும். அது ஏதோ பெல்ட்டைப் பரிசோதிச்சு எரியற விளக்குன்னு பல பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. இல்லவே இல்லை. குறிப்பிட்ட கிலோமீட்டர் வந்தா எரியும், அவ்வளவுதான். பெல்ட் எப்படி இருக்குன்னு அந்த விளக்குக்கும் தெரியாது!

2008 வாக்குல மாருதி கே சீரிஸ், ஹுண்டாய் காப்பா எஞ்சின்கள் திரும்பச் செயினுக்குப் போச்சு. ஃபெராரியும் இதே பாதைதான். 355ல பெல்ட் மாத்த எஞ்சினையே கீழ இறக்கணும். 2004ல வந்த எஃப்430ல செயினைப் போட்டாங்க. அப்பாடா, கதை முடிஞ்சதுன்னு நினைச்சா முடியலை. செயினும் நீளும், அதோட டென்ஷனரும் போகும். ஃபோக்ஸ்வாகன் செயின் வச்ச 1.4 டர்போ எஞ்சினை விட்டுட்டு 2012ல புதுத் தலைமுறையில மறுபடி பெல்ட்டுக்கே வந்துச்சு. அதே வருஷம் ஃபோர்டு தன்னோட 1.0 எக்கோபூஸ்ட்ல பெல்ட்டை எண்ணெய்க்குள்ளயே ஓட விட்டது. உரசல் குறையும், மைலேஜ் கூடும்னு கணக்கு. புத்தகத்துல 10 வருஷம் அல்லது 1,50,000 மைல். பிரான்ஸோட 1.2 ப்யூர்டெக்கும் அதே வழி. எண்ணெயில பெட்ரோல் கலந்து பெல்ட் ஊறி, அதோட துகள் எண்ணெய் வடிகட்டியை அடைச்ச கதை ஐரோப்பாவுல பெரிய தலைவலி ஆச்சு. 2024ல ஸ்டெலாண்டிஸ் அந்த எஞ்சினுக்கு 10 வருஷம், 1,75,000 கிலோமீட்டர் வரைக்கும் உத்தரவாதத்தை நீட்ட வேண்டி வந்துச்சு.

இவ்வளவும் நான் தேடித் தேடிப் படிச்சதுக்குக் காரணம் பாளையங்கோட்டை மாமாவோட சான்ட்ரோ. 2009 மாடல், ஓடினது 46,000 கிலோமீட்டர்தான். பெல்ட்டை ஒரு தடவை கூட மாத்தினது இல்லை. "லட்சத்துல பாதிகூட ஓடல, மருமவனே. எதுக்கு இப்ப வீண் செலவு?"ன்னார். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அந்த வண்டி வெளிய வர்றதே மாசம் ஒரு தடவை, அத்தையை மதுரைக்கு ஆஸ்பத்திரி செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போக. நாலு வழிச் சாலையில நூறுல போகும்போது எஞ்சின் நின்னா பவர் ஸ்டீயரிங் இறுகிடும், ரெண்டு மிதி மிதிச்சதும் பிரேக் கல்லு மாதிரி ஆயிடும்.

"மாமா, ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கு இல்லை, வயசும் கணக்கு"ன்னு சொன்னேன். புத்தகத்துல ரெண்டும் போட்டிருக்கும், 'எது முதல்ல வருதோ அது'ன்னு. கிலோமீட்டரும் முழு உண்மை இல்லை. ஒரு லட்சம் கிலோமீட்டரை சராசரியா மணிக்கு 40ல ஓட்டினா 2,500 மணி நேரம். எஞ்சின் 2,000 சுத்துல ஓடினா கிராங்க் 30 கோடி தடவை சுத்தியிருக்கும். அதே தூரத்தை நெரிசல்ல மணிக்கு 20ல ஊர்ந்தா 5,000 மணி நேரம். சிக்னல்ல நிக்கும்போதும் பெல்ட் ஓடிக்கிட்டேதான் இருக்கு, மீட்டர் மட்டும் நிக்கும்.

அதனால நான் போட்ட கணக்கு இது. புத்தகத்துல இருக்கிற கிலோமீட்டர், வருஷம், ரெண்டுல ஒண்ணு தாண்டினா மாத்தணும். பழைய வண்டி வாங்கி பெல்ட் மாத்தினதுக்கு ரசீது இல்லைன்னா, மாத்தலைன்னே வச்சுக்கணும். எஞ்சின் எண்ணெயோ தண்ணியோ பெல்ட் மேல கசிஞ்சிருந்தா தேதியே கிடையாது, உடனே மாத்தணும். மாத்தும்போது டென்ஷனரையும் பேரிங்கையும் சேர்த்து மாத்தணும், சில எஞ்சின்ல இதே பெல்ட் சுத்தற வாட்டர் பம்பையும். பழைய பேரிங் சிக்கினா புது பெல்ட்டும் போயிடும், கூலியும் ரெண்டு தடவை.

மாமா ஒருவழியா ஒத்துக்கிட்டார். மெக்கானிக் கழட்டின பெல்ட்டைக் கையில வாங்கிப் பார்த்தோம். பல் எல்லாம் முழுசா இருந்துச்சு, முதுகுல மட்டும் முடி மாதிரி ரெண்டு மூணு கீறல். "பாத்தியா, நல்லாத்தானே இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் ஓடிருக்கும்"னார் மாமா. ஓடியிருக்கலாம். அடுத்த மாசம் கயத்தாறு தாண்டும்போது அறுந்தும் இருக்கலாம். மாத்தினவனுக்கு அது எந்தக் காலத்துலயும் தெரியப் போறதில்லை. நாம கொடுத்த காசு அந்தப் பதிலைத் தெரிஞ்சுக்காம இருக்கறதுக்குத்தான்.

இதைப் படிச்சு முடிச்சதும் வண்டி டேஷ்போர்டுல தூங்கற அந்தப் புத்தகத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. உங்களுது செயினா பெல்ட்டான்னு முதல்ல பாருங்க. பெல்ட்னா கிலோமீட்டருக்குப் பக்கத்துல போட்டிருக்கிற வருஷத்தையும் படிங்க.