அறுபத்து நான்காவது மாணவன்

112 பேரில் 64. என்னை இந்தத் தேடலுக்குள் இழுத்துவிட்ட எண் இதுதான். 1935 ஜூனில், அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்டு ஊரிலிருந்த சோட் பள்ளியில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் எஃப். கென்னடி படிப்பை முடித்தபோது வகுப்பில் அவனுக்குக் கிடைத்த இடம் அது என்று ஒரு நூலைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். சில வாரம் கழித்து வேறொரு வாழ்க்கை வரலாறு கைக்கு வந்தது. அதில் 110 பேரில் 65 என்று இருந்தது. எதைப் பார்த்து எழுதினார்கள் என்று தேடப் போன இடத்தில், எண்ணைவிடப் பெரிய முடிச்சு ஒன்று கண்ணில் பட்டது. 64ஆவது ஆனாலும் 65ஆவது ஆனாலும், பாதிக்குக் கீழே நின்ற பையன் அவன். ஆனால் அதே வகுப்பு, அதே ஆண்டு, 'வாழ்க்கையில் முன்னுக்கு வரப்போகிறவன்' யார் என்று வாக்கெடுத்தபோது அவனைத்தான் தேர்ந்தெடுத்தது.

ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண் ஒரு பக்கம், கூடப் படித்தவர்கள் போட்ட வாக்கு மறுபக்கம். இரண்டும் எப்படி ஒரே பையனைப் பற்றியவையாக இருக்க முடியும்?

பாஸ்டனில் கடலோரமாக, கொலம்பியா பாயிண்ட்டில் இருக்கிறது கென்னடி நூலகம். 2011 ஜனவரியில் அது தன் ஆவணங்களில் பெரும் பகுதியை இணையத்தில் திறந்துவிட்டது. சோட் பள்ளியின் கடிதங்களும் மதிப்பெண் தாள்களும் அங்கே படங்களாகக் கிடைக்கின்றன. இரவு உணவுக்குப் பிறகு ஒரு கோப்பு என்று கணக்கு வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன்.

முதலில் பள்ளியைப் பற்றி. சோட், பையன்களை ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு ஆயத்தப்படுத்துவதற்காகவே 1896இல் தொடங்கப்பட்ட உறைவிடப் பள்ளி. (இன்று அது பெண்களும் படிக்கும் சோட் ரோஸ்மேரி ஹால்.) 1908 முதல் 1947 வரை ஜார்ஜ் செயின்ட் ஜான் என்ற ஒரே தலைமையாசிரியரின் கையில் இருந்தது. பெரும்பாலும் பணக்காரப் புராட்டஸ்டன்ட் வீட்டுப் பிள்ளைகள் படித்த அந்த இடத்துக்கு ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து ஜாக் 1931இல் வந்து சேர்ந்தான். வீட்டிலும் பள்ளியிலும் அவனுக்கு ஜாக் என்றுதான் பெயர். அண்ணன் ஜோ அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தான். படிப்பிலும் விளையாட்டிலும் ஒருசேரச் சிறந்தவனுக்குத் தரும் ஹார்வர்டு கோப்பையை 1933இல் வாங்கிக்கொண்டு வெளியேறினான். தம்பி அந்த நிழலுக்குள் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டியிருந்தது.

வாக்கெடுப்பின் முடிவு பள்ளியின் ஆண்டு மலரோடு சேர்ந்த சங்கதி. அங்கிருந்தே தொடங்கினேன். மலரின் பெயர் 'த பிரீஃப்'. படிப்பை முடிக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் அதில் ஒரு படம், அவன் விளையாடிய அணிகள், இருந்த சங்கங்கள் எல்லாம் வரும். அந்த மலரின் வணிக மேலாளர் யார் என்று பார்த்தேன். ஜாக்கேதான். ஒரு சாட்சியத்தை எடைபோடும்போது அதைத் தயாரித்தவர்களில் அவனும் உண்டு என்று தெரிந்தால் ஆய்வாளர் நின்று யோசிக்க வேண்டும். நானும் நின்றேன். மேலும் தேடியபோது, நண்பர்கள் கூடிப் பேசி வாக்குகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டுதான் இந்தப் பட்டத்தை வாங்கினார்கள் என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதுவதும் தெரிந்தது.

சாட்சியம் கெட்டுவிட்டது என்று கோப்பை மூடிவிடலாம் என்றே அன்று நினைத்தேன். மூடாமல் இருந்தது ஒரு பெயரால். ஜாக்கின் உயிர் நண்பன் 'லெம்' என்கிற கர்க் லெமாய்ன் பில்லிங்ஸ், பிட்ஸ்பர்க் நகரத்து மருத்துவர் ஒருவரின் மகன். இருவரும் பழகியது 1933இல், இதே ஆண்டு மலர் வேலையில்தான். லெம் 1934ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்தவன். ஆனால் 1935இல் ஜாக்கோடு சேர்ந்துதான் படிப்பை முடித்திருக்கிறான், எப்படி? விடை எளியது, ஆனால் என்னை அசைத்துப்போட்டது. ஜாக்கோடு இருப்பதற்காகவே லெம் கடைசி ஆண்டை இரண்டாவது முறை படித்தான். ஒரு பையன் தன் வாழ்க்கையில் ஓர் ஆண்டை இன்னொருவனுக்காகத் தள்ளிவைத்திருக்கிறான். எந்த மதிப்பெண் தாளிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அந்த மலர்க் குழுவில் இருந்த இன்னொரு பையனையும் சொல்லாமல் போக மனமில்லை. ஒரு வகுப்பு கீழே படித்த ஆலன் ஜே லெர்னர். பிற்காலத்தில் 'கேம்லாட்' இசை நாடகத்துக்குப் பாடலும் உரையாடலும் எழுதியவர் அவர்தான். கென்னடி கொல்லப்பட்ட பிறகு அவரது ஆட்சிக்காலத்துக்கு அமெரிக்கர்கள் சூட்டிய பெயர் அந்த நாடகத்திலிருந்து வந்தது.

கோப்புக்குத் திரும்பினேன். அதை மதிப்பெண்ணைத் தேடிப் படிக்காமல், இந்தப் பையனைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்று தேடிப் படித்தேன். அப்போதுதான் அதே தாள்கள் வேறு விதமாகப் பேசின. விடுதிப் பொறுப்பாசிரியர் ஒருவர் ஜாக்கின் அறையைப் பற்றிக் குறைப்பட்டு எழுதியிருக்கிறார்: முன்னறிவிப்பின்றி அடிக்கடி சோதனை போட்டால்தான் அறை ஓரளவாவது ஒழுங்காக இருக்கிறது, காரணம் அது நண்பர்களெல்லாம் கூடும் மன்றமாகிவிட்டது. குற்றச்சாட்டாக எழுதப்பட்ட வரி அது. வகுப்பு எதைப் பார்த்து வாக்குப் போட்டது என்பதற்கான முதல் தடயமாக நான் அதை எடுத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியரும் கண்மூடி இருந்தவரல்லர். 1933இல் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், ஜாக்குடையது கூர்மையான, தன் போக்கில் போகும் மூளை, ஜோவின் மூளையைப் போல அதை எளிதில் நுகத்தில் பூட்ட முடியாது என்கிறார். நகைச்சுவைக்கு உரிய இடம் எது என்று கற்றுக்கொண்டால் அந்தத் தனிப்போக்கே அவனுக்குக் கைகொடுக்கும் என்றும் நம்பிக்கை சொல்கிறார். சோட் பற்றி எழுதுகிறவர்கள் பலர் செயின்ட் ஜானைக் கடுமையான சட்டாம்பிள்ளையாக மட்டும் காட்டுகிறார்கள். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கோப்பில் பாதி, உடல்நலக் கடிதங்கள். தலைமையாசிரியரின் மனைவி கிளாரா, தாய் ரோஸுக்கு அடிக்கடி எழுதியிருக்கிறார். ரோஸ் மால்ட் கலந்த மீன் எண்ணெய் கொடுக்கச் சொல்லிப் பள்ளிக்கு எழுதுகிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை வைத்து, வந்த நோய்களையெல்லாம் அதில் குறித்து வைத்த தாய் அவர். 1934 தொடக்கத்தில் ஜாக்கின் நிலை மோசமாகி, நியூ ஹேவன் மருத்துவமனையில் சேர்த்து, இரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்றுகூட மருத்துவர்கள் அஞ்சினார்கள். அந்தக் கோடையில் மேயோ மருத்துவமனையில் வாரக்கணக்கில் படுத்துச் சோதனைகளுக்கு ஆளானான். 64 என்ற எண்ணுக்குள் இந்த மாதங்களும் அடங்கியிருக்கின்றன. தர வரிசையை மட்டும் எடுத்துச் சொல்லி அவனைச் சோம்பேறி என்று முடித்துவிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1934 டிசம்பரில் அவன் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். நானும் லெமாய்னும் இந்தப் பருவத்தில் எவ்வளவு மோசமாகப் படித்தோம் என்று பேசிக்கொண்டோம், இனி விளையாட்டுத்தனத்தை நிறுத்திவிடுவதென்று முடிவு செய்துவிட்டோம் என்பது செய்தி. அந்த மை காய்ந்து சில மாதமாவதற்குள், பள்ளியை ஆட்டிவைத்த விவகாரம் வெடித்தது.

செயின்ட் ஜான் வழிபாட்டுக்கூடத்தில் பேசும்போது, பள்ளியின் பெருமைக்குப் பொருந்தாத சிலரை 'மக்கர்கள்' என்று கண்டித்தார். குதிரைச் சாணம் அள்ளுகிறவன் என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு உண்டு. அந்தப் பகுதியில் ஐரிஷ்காரர்களை இழிக்கவும் அதைச் சொல்வார்கள். ஜாக்கும் லெமும் அந்த வசவையே பெயராக எடுத்துக்கொண்டு மக்கர்ஸ் கிளப் தொடங்கினார்கள். 13 பேர் சேர்ந்தார்கள். நகைக்கடையில் ஆளுக்கு 12 டாலர் கொடுத்து மண்வெட்டி வடிவத்தில் பொன் சின்னம் செய்துகொண்டார்கள். இரவு உணவு முடிந்ததும் கூடுமிடம் அதே அறை, மன்றம் என்று பொறுப்பாசிரியர் குறைப்பட்ட அதே கூட்டம். வசந்தகால விழா நடனத்தின்போது சாணக் குவியலை வைத்து ஒரு குறும்பு செய்யத் திட்டமிட்டார்கள். செய்தி தலைமையாசிரியர் காதுக்குப் போனது. பள்ளி மொத்தமும் கூடியிருந்தபோது 13 பேரின் பெயரையும் சொல்லி, வெளியேற்றப்போவதாக அறிவித்தார். தந்தைமாருக்குத் தகவல் பறந்தது.

ஜோசப் கென்னடி அப்போது வாஷிங்டனில், புதிதாக அமைந்த பங்குச் சந்தை ஒழுங்காணையத்தின் முதல் தலைவர். வேலைகளை அப்படியே போட்டுவிட்டு வாலிங்ஃபோர்டு வந்தார். தலைமையாசிரியர் அறையில் மகனைக் கடுமையாகக் கண்டித்தார். செயின்ட் ஜான் தொலைபேசியை எடுக்கத் திரும்பிய நேரத்தில் மகன் பக்கம் சாய்ந்து, இந்தக் கிளப்பை நான் தொடங்கியிருந்தால் அதன் பெயர் 'எம்' எழுத்தில் தொடங்கியிருக்காது என்று முணுமுணுத்தாராம். இது நண்பர்களின் வாய்வழியாக வந்த கதை. தாளில் இருப்பது வேறு. தங்கை கேத்லீன் இரு நண்பர்களையும் பொது விரோதிகள் என்று கொண்டாடித் தந்தி அடித்திருந்தாள். அவளுக்கு அந்த பிப்ரவரியில் தந்தை எழுதிய கடிதத்தில் சிரிப்பே இல்லை. இத்தகைய தந்திகள் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றும் என்று எச்சரிக்கிறார். மகனைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்ற உண்மையான பயம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. முணுமுணுப்பையும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இந்தத் தந்தை எனக்கு முழு மனிதராகத் தெரிந்தார்.

வெளியேற்றம் நடக்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர் பிரெஸ்காட் லெக்கியிடம் ஜாக்கை அனுப்பினார்கள். காரியத்தைச் செய்து முடிக்கிறவன் அண்ணன், முடிக்காதவன் நான் என்று அவரிடம் அந்தப் பதினேழு வயதுப் பையனே சொல்லியிருக்கிறான்.

ஏப்ரலில் ஹார்வர்டுக்கு விண்ணப்பிக்கிறான். ஏன் இங்கே சேர விரும்புகிறாய் என்ற கேள்விக்கு 1935 ஏப்ரல் 23 தேதியிட்ட, கையால் எழுதிய ஐந்தே வாக்கியம். நல்ல பின்புலம், பரந்த கல்வி, தந்தை படித்த இடம், ஹார்வர்டுக்காரன் என்ற பெருமை. இதன் இரட்டைப் பிறவியை நான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மட் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் விண்ணப்பத்தில் கண்டேன். அங்கும் நல்ல பின்புலம், அங்கும் பரந்த கல்வி, கடைசியில் பிரின்ஸ்டன்காரன் என்ற பெருமை. தந்தையைப் பற்றிய வரி மட்டும் காணவில்லை. தந்தையின் பல்கலைக்கழகத்தை விட்டு, அந்த இலையுதிர்காலத்தில் பிரின்ஸ்டனில்தான் போய்ச் சேர்ந்தான். காரணம் லெம் அங்கே சேர்ந்திருந்தான். விண்ணப்பத்தில் அடுக்கிய காரணங்களில் லெமின் பெயர் இல்லை. உடல்நிலை கெட்டு ஓரிரு மாதத்தில் பிரின்ஸ்டனை விட்டுவிட்டு, 1936இல் ஹார்வர்டுக்குப் போனது பின்கதை.

இன்னொரு தாளையும் இந்த வேட்டையில் கண்டேன். நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே என்ற 1961 பதவியேற்பு உரையின் பொருள்பட, தாய்ப்பள்ளியைப் பற்றித் தலைமையாசிரியர் சொல்லக் கேட்டதாகச் சோட் மாணவர்கள் பலர் நினைவுகூர்ந்துவந்தார்கள். செயின்ட் ஜானின் பிரசங்கக் குறிப்பேட்டில் அந்தக் கருத்து, ஹார்வர்டு புலத் தலைவர் லெபாரன் பிரிக்ஸ் சொன்னதாக எழுதப்பட்டிருப்பதை, 2011இல் வெளிவந்த கிரிஸ் மாத்யூஸின் நூல் எடுத்துக்காட்டியது. அதற்கு முன்னரே 1884இல் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் ஓர் உரையில் இதே எண்ணத்தைச் சொல்லியிருக்கிறார் என்பதால், ஊற்று ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வழிபாட்டுக்கூடத்து இருக்கையில் அமர்ந்து இதைக் கேட்டிருக்கக்கூடிய மக்கர்ஸ் தலைவனை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மதிப்பெண்ணும் வாக்கும் இப்போது எனக்கு முரண்படவில்லை. வாக்குகளைப் பேசி வாங்கினான் என்பது உண்மையானால், அப்படிப் பேசி வாங்க முடிந்த பையன் அவன் என்பதும் உண்மை. அவன் அறை மன்றமானது, 13 பேர் ஒரு வசவுக்குப் பின்னால் அணிவகுத்தது, லெம் ஓர் ஆண்டைக் கொடுத்தது எல்லாம் ஒரே குணத்தின் பதிவுகள். கூட இருந்தவர்கள் அதைத் தினமும் பார்த்தார்கள். தேர்வுத் தாள் அதைக் கேட்கவில்லை.

கடைசியாகத் திறந்த கோப்பு ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். கென்னடி கொல்லப்பட்ட அடுத்த ஆண்டு, 1964இல் தொடங்கி, நூலகத்துக்காக லெம் பில்லிங்ஸின் நினைவுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். வெள்ளை மாளிகையில் தனக்கென்று ஓர் அறை இருந்த மனிதர் அவர். நாற்பதுகளின் பிற்பகுதியில், 1933இன் ஆண்டு மலர் வேலையையும் பொன் மண்வெட்டியையும் பற்றிப் பேசுகிறார். ஜாக் எழுதிய கடிதங்களைப் பள்ளி நாளிலிருந்தே பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அன்றிரவு நான் கணினியை அணைக்கும்போது மணி இரண்டு.