ஆர்.சி. புத்தகத்தில் ஏறாத ஆக்ஸில்

உடும்பஞ்சோலை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்புகள் ஏறுகின்றன. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வண்டியைப் பார்ப்பவர் கண்ணில் படுவது பெயிண்டும் முகப்புக் கண்ணாடிக்கு மேல் எழுதிய சாமி பெயரும்தான். ஆர்.டி.ஓ. அலுவலகம் பார்ப்பது எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும். அத்தனை பேரையும் தாங்கி, சக்கரத்தையும் சுற்றிவிடும் பின் ஆக்ஸிலின் எண்ணை எழுத ஆர்.சி. புத்தகத்தில் இடமே கிடையாது.

இந்த விடுபடல் சின்ன விஷயமாகத் தெரியலாம். பழைய வண்டிகளின் வரலாற்றைத் தேடுகிறவருக்கு அது பெரிய வசதி. எஞ்சின் மாறினால் காகிதமும் மாற வேண்டும். பாடியோ பட்டறையில் புதிதாகவே பிறந்துவிடும். ஆக்ஸில் மட்டும் எந்தக் காகிதமும் இல்லாமல் ஒரு வண்டியிலிருந்து கழன்று இன்னொரு வண்டிக்கு அடியில் போய்ச் சேர்கிறது. எங்கே வார்த்தது, எந்தக் காலத்துப் பொருள், என்ன வேலைக்குச் செய்தது என்பதெல்லாம் அந்த இரும்பிலேயே இருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

படிப்பதற்கு முன் ஆக்ஸில் ஏன் இந்த உருவத்துக்கு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மாட்டுவண்டியின் அச்சு சுற்றாது; அதன் முனையில் சக்கரங்கள் தனித்தனியே சுற்றும். ஆகவே வளைவில் சிக்கல் இல்லை. எஞ்சினின் விசையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் ஒரே அச்சில் கொடுத்தபோதுதான் தொல்லை தொடங்கியது. போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பின் சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ 1.23 மீட்டர் அகலம் உள்ள ஒரு ஜீப், முழுதாகத் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சக்கரத்தை உள்சக்கரத்தைவிட 3.9 மீட்டர் அளவுக்குக் கூடுதலாக ஓட்டியாக வேண்டும். வளைவு அகலமா குறுகலா என்பது இந்தக் கணக்கை மாற்றாது. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருந்தால் டயர் தேயும், இல்லையேல் அச்சு முறியும். 1820-களின் இறுதியில் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி ஒரு நீராவி வண்டிக்காக இதற்கு வழி கண்டு காப்புரிமை பெற்றார். வண்டிக்கான டிஃபரன்ஷியல் அப்படிப் பிறந்தது. மோட்டார் கார் பிறக்க அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது.

விசையை டிஃபரன்ஷியலிடம் கொண்டு சேர்ப்பதில் பல வழிகள் போட்டியிட்டன. தொடக்ககால லாரிகளில் சங்கிலி ஓடியது. பிரிட்டனின் டென்னிஸ் நிறுவனம் 1904-லேயே வார்ம் எனப்படும் திருகுப் பல்லுக்கு மாறியது. 1917-இல் வந்த ஃபோர்டு டி.டி. லாரியிலும் அதே முறைதான். கார்களில் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்றிவிடும் பினியன் என்ற சிறு பல்சக்கரமும் நிலைத்தன. அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் பல்வெட்டும் எந்திரங்களைச் செம்மைப்படுத்த, 1913-இல் பேக்கார்டு காருக்குச் சுருள் பல் வந்தது. 1920-களின் நடுவில் அதே பேக்கார்டு ஹைப்பாய்டு பல்லைக் கொண்டுவந்தது. அதில் பினியன் கிரவுனின் நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கும். விசையைக் கொண்டுவரும் புரொபெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது.

முதல் அடையாளம் இதிலேயே கிடைத்துவிடுகிறது. வண்டிக்குப் பக்கவாட்டில் குனிந்து, ஷாஃப்ட் எந்த உயரத்தில் ஆக்ஸிலின் உறையான ஹௌசிங்குக்குள் நுழைகிறது என்று பாருங்கள். நடுக்கோட்டிலேயே நுழைந்தால் பழைய சுருள் பல். சற்றுக் கீழே நுழைந்தால் ஹைப்பாய்டு. நடுக்கோட்டைவிட நன்றாக மேலேயோ கீழேயோ விலகி நுழைந்தால் வார்ம் என்று சந்தேகிக்கலாம். ஷாஃப்டே கண்ணில் படாமல் தடித்த குழாய்க்குள் மறைந்திருந்தால் அது பழைய ஃபோர்டாக இருக்கக்கூடும். 1948 மாடல் வரை ஃபோர்டு கார்கள் அந்தக் குழாயை விடவில்லை.

இரண்டாவது அடையாளம் ஹௌசிங்கின் முதுகு. அம்பாசடரின் பின்னால் நின்று பார்த்தால் நடுவில் வழவழப்பான உருண்டை தெரியும், திறப்பு முன்பக்கம். கிரவுன், பினியன், பேரிங் எல்லாவற்றையும் ஒரே கூட்டாக முன்னால் உருவி, மேசைமேல் வைத்தே சரிசெய்யலாம். இந்த வகைக்கு பான்ஜோ என்று பெயர். மேலைநாட்டு நரம்புக் கருவியின் பெயர் அது. நம்மூர்க்காரர் பெயரிட்டிருந்தால் தம்புரா என்றிருப்பார். ஜீப்பின் பின்னால் நின்றால் வேறு காட்சி: சுற்றிலும் போல்ட் போட்ட மூடி. அதைத் திறந்து, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துப் பல் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். நடுவே வார்ப்பிரும்பு உடல், இருபுறமும் அதில் அழுத்திச் செருகிய குழாய்கள். இது சாலிஸ்பரி வகை. அந்தப் பெயர் கொண்ட அமெரிக்க நிறுவனத்தை 1919-இல் ஸ்பைசர் வாங்கியது. ஸ்பைசர் 1946-இல் டேனா என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஏலமலையின் கதை இந்த ஸ்பைசரோடு பிணைந்தது.

இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. வில்லிஸ் செய்தது எம்.பி., ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. ஒன்றின் உதிரி மற்றொன்றில் பொருந்தும். ஆனால் ஃபோர்டு தன் உதிரிகளில், போல்ட் தலையில்கூட, எஃப் என்ற எழுத்தைப் பொறித்தது. போர் முடிந்ததும் இந்தியாவில் தங்கிய வண்டிகள் உபரிச் சரக்காக விற்கப்பட்டன. ‘டிஸ்போசல் ஜீப்’ என்ற பெயர் அப்போது வந்தது. அந்த ஜீப்பின் பின் ஆக்ஸில் ஸ்பைசர் 23-2. சக்கரத்தின் நடுவில் ஆறு போல்ட் கொண்ட தட்டு தெரிந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங். வண்டியின் எடையை ஹப்பும் ஹௌசிங்கும் தாங்கும். உள்ளே ஓடும் ஷாஃப்டுக்குச் சுற்றுவது மட்டுமே வேலை. ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். லாரிகள் இன்றும் இந்த முறையைத்தான் நம்புகின்றன.

போருக்குப் பின் விவசாயிகளுக்கென்று 1945-இல் வந்த சி.ஜே.2ஏ ஜீப்பில் வில்லிஸ் நிறுவனம் முதலில் அதே ஆக்ஸிலை வைத்தது. சீக்கிரமே அதைக் கைவிட்டு ஸ்பைசர் 41-2 என்ற, ஷாஃப்டே எடையையும் தாங்கும் செமி ஃப்ளோட்டிங் ஆக்ஸிலுக்குப் போனது. 1940-களின் இறுதியில் அதன் இடத்துக்கு 44 வந்தது. இந்த இரண்டையும் வெளித்தோற்றத்தில் பிரித்துச் சொல்வது சிரமம். பழைய எம்.பி.யிலிருந்து பிரிப்பதோ எளிது: சக்கர நடுவில் ஆறு போல்ட் தட்டு இருக்காது, ஒற்றைப் பெரிய நட்டும் அதைப் பூட்டும் பின்னும் இருக்கும். கூம்பாகக் கடைந்த ஷாஃப்ட் முனையில், சாவி போன்ற சிறு இரும்புத் துண்டின் பிடிப்பில் ஹப் உட்கார்ந்திருக்கும். புல்லர் இல்லாமல் அதைக் கழற்ற முடியாது.

எனவே, ஆறு போல்ட் தட்டு தெரிந்தால் உடனே ‘போர்க்கால ஆக்ஸில்’ என்று சொல்லிவிடக் கூடாது; சி.ஜே.2ஏயின் முதல் வண்டிகளிலும் அது உண்டு. தீர்ப்பைச் சொல்வது பல்லின் எண்ணிக்கை. போர் ஜீப்பின் கிரவுனில் 39 பல், பினியனில் 8, விகிதம் 4.88. விவசாய ஜீப்பில் 43-க்கு 8, விகிதம் 5.38. ஸ்பைசர், டேனா ஆக்ஸில்களில் மூடி போல்ட்டில் மாட்டிய சிறு தகட்டில் இந்த எண்கள் இருக்கும். குழாயின்மேல் உதிரிப் பட்டியல் எண்ணையும் பொறித்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் முதலில் தொலைவது அந்தத் தகடுதான்.

தகடு இல்லாவிட்டாலும் மூடியைத் திறக்காமலே எண்ணலாம். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றவற்றுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, புரொபெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கையே விகிதம். மற்றச் சக்கரம் நிற்கும்போது டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றையே கிரவுனுக்குத் தருகிறது. அதனால்தான் இரண்டு சுற்று. ஐந்தை எட்டாமல் கோடு நின்றால் 4.88. ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போனால் 5.38. பழைய ஜீப்பில் இந்தச் சோதனைக்குமுன் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். அது சக்கரத்தில் இல்லை, விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஆக்ஸில் ஷாஃப்ட் ஒன்று முறிந்துவிட்டால் அந்த பிரேக்கால் எதையும் நிறுத்த முடியாது. மலைப்பாதை ஓட்டுநர் வண்டியை நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கல் வைப்பதை வெறும் பழக்கம் என்று நினைப்பவர் இதைக் கவனிக்கட்டும்.

இந்த எண்ணிக்கை ஆராய்ச்சிக்காரரின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. சாதாரண ஜீப் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.27 மீட்டர் போகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் 4.88 விகிதத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,430 சுற்று சுற்றும், 5.38 விகிதத்தில் 1,580. பத்து விழுக்காடு கூடுதல் இழுவை கிடைக்கும், அதே அளவுக்கு எஞ்சின் அலறும். சிக்கல் இரண்டும் கலந்தால்தான். டிஸ்போசல் ஜீப்பின் முன் ஆக்ஸிலும் விவசாய ஜீப்பின் பின் ஆக்ஸிலும் ஒரே வண்டியில் சேர்ந்துவிட்டால், சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்போது முன் ஷாஃப்ட் 48.8, பின் ஷாஃப்ட் 53.8 சுற்று கேட்கும். நான்கு சக்கர ஓட்டத்தில் இரண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டவை. தோட்டத்துச் சேற்றில் டயர் வழுக்கிக் குறையை மூடிவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் ஸ்டியரிங் இறுகும், லீவர் சிக்கிக்கொள்ளும், கடைசியில் ஏதோ ஒரு பல் உடையும்.

1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் உதிரிகளைப் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, பிறகு சி.ஜே.3பி என்ற உயரமான பானெட் கொண்ட ஜீப்பை இந்தியாவிலேயே செய்தது. அமெரிக்காவில் அது 1968-இல் நின்றுபோனது. இங்கே அதன் வாரிசுகள் டீசல் எஞ்சினோடும் நீண்ட சேஸிஸோடும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. தோட்டத்து ஜீப்பாக இன்றும் ஓடும் கமாண்டர் அந்த வழியில் வந்ததுதான். இன்னொரு அடையாளமும் உண்டு: பழைய வில்லிஸ் ஜீப்பில் பின் டிஃபரன்ஷியல் நட்ட நடுவில் இருக்காது. வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஷாஃப்ட் அந்தப் பக்கமாக வருவதே காரணம். கியர் பாக்ஸிலிருந்து ஷாஃப்ட் நேராக வரும் வண்டிக்கு இந்த ஒதுக்கம் தேவைப்படாது. ஒதுங்கிய ஆக்ஸிலைக் கண்டால் அது நான்கு சக்கர ஓட்டத்துக்குப் பிறந்த பொருள் என்று கொள்ளலாம். இப்போது அது எந்த வண்டிக்கு அடியில் இருக்கிறது என்பது வேறு கதை.

எல்லா வண்டிகளும் ஒரே திசையில் நகரவில்லை. சென்னை வண்டலூரில் 1961 முதல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இறுகியிருக்கும். இருபுறமும் தனித்தனி ஷாஃப்ட், குறுக்கே ஒரே பட்டைக் கட்டு. அந்தக் காலத்துக்கு அது புதுமை. 1972-இல் அதன் இடத்துக்கு வந்த கெஸல், ஹெரால்டின் உறவாக இருந்தும், முழு அச்சுக்குத் திரும்பிவிட்டது. இந்தியச் சாலையும் இந்தியப் பட்டறையும் கொடுத்த தீர்ப்பு அது என்றே கொள்ள வேண்டும்.

லாரிகளில் எழுத்துதான் நல்ல சாட்சி. 1981-இல் மைசூரில் ஆட்டோமோட்டிவ் ஆக்ஸில்ஸ் என்ற நிறுவனத்தைக் கல்யாணி குழுமமும் அமெரிக்க ராக்வெல்லும் சேர்ந்து தொடங்கின. அதே காலகட்டத்தில் சென்னைப் பக்கம் ஆக்ஸில்ஸ் இந்தியா வந்தது. வண்டி செய்பவர் ஒருவர், ஆக்ஸில் செய்பவர் வேறொருவர் என்ற நிலை உறுதிப்பட்டதால், முகப்பிலுள்ள பெயரை வைத்துப் பின்பக்கத்தைச் சொல்ல முடியாமல் போனது. ராக்வெல்லின் வாகனப் பிரிவு 1997-இல் மெரிடர் ஆனது. எந்தப் பெயர் வார்த்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே காலத்தை ஓரளவு வரையறுத்துவிடலாம்.

15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்பதில்லை. துறை ஜீப்புகள் உடைப்புக்குப் போகின்றன. தோட்டத்துக் கொட்டகைகளில் துருப்பிடித்து நிற்பவையும் பின்னாலேயே போகும். அப்படி ஒன்று உங்கள் கொட்டகையில் நின்றால், எடைபோட ஆள் வருவதற்குமுன் மண்ணெண்ணெய்த் துணியால் பின் ஆக்ஸில் குழாயைத் துடைத்து, பொறித்திருக்கும் எண்ணை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மூடி போல்ட்டில் தகடு இருந்தால் அதை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.